பத்து சென்ட் மனையில் உணவுக்காடு: எந்த மாதம் எந்த வேலை

எங்கள் வீடு திண்டிவனம் பக்கம். மனை பத்து சென்ட். வீடு, கிணறு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் போக ஏழு சென்ட் மண் மிஞ்சியது, அதாவது மூவாயிரம் சதுர அடிக்குச் சற்று மேலே. செம்மண், ஓரடிக்குக் கீழே சரளை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தது இரண்டு தென்னை, கொல்லைக் கோடியில் ஒரு வேம்பு, மீதியெல்லாம் கோரையும் நெருஞ்சியும்தான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் குழம்புக்கோ பொரியலுக்கோ அங்கிருந்துதான் பறிக்கிறோம். பப்பாளியும் கொய்யாவும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு வருகிறது.

வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்னென்ன மரம் வச்சிருக்கீங்க?" என்பதைத்தான். பட்டியல் எழுதிக்கொண்டு போய் அந்த வாரமே நர்சரியில் இருபது கன்று வாங்கி நட்டுவிடுகிறார்கள். மாசியிலோ பங்குனியிலோ அப்படி நட்டால் சித்திரை முடிவதற்குள் பாதி கருகிவிடும். நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன், பதினெட்டுக் கன்றில் பதினொன்று போய்விட்டது. ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியும் நிற்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மரப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சித்திரையில் தொடங்கி மாத வரிசையில் வேலைகளைச் சொல்கிறேன். நான் சொல்லும் மாதக் கணக்கு விழுப்புரம், செங்கல்பட்டு, கடலூர் பக்கத்துக்குச் சரியாக வரும். கோவை, தென்காசி போல மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியிருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழையைப் பார்த்து ஒன்றிரண்டு மாதம் முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள்.

நான் செய்வது பெர்மாகல்ச்சர் முறையில் ஓர் உணவுக்காடு. பெர்மாகல்ச்சர் என்ற பெயரை 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் வைத்தார்கள். உயரமான மரம், அதன் கீழே நடுத்தர மரம், அதற்கும் கீழே செடி, கொடி, கிழங்கு, தரையை மூடும் படர்கொடி என்று அடுக்கடுக்காகப் பயிர்வைத்து, ஒரு காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்வதுபோலக் கொல்லையையும் பழக்குவது உணவுக்காட்டின் சாரம். கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய வீட்டுத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: யூடியூபில் வரும் இங்கிலாந்து, ஐரோப்பிய வீடியோக்களை அப்படியே பின்பற்றாதீர்கள். அவர்களுக்குக் கவலை வெயில் போதவில்லை என்பது, நமக்குக் கவலை வெயில் தாங்கவில்லை என்பது. அதனால் மரத்துக்கு மரம் விடும் இடைவெளி, நிழல், நடும் மாதம் எல்லாமே மாறும்.

சித்திரை: பாருங்கள், வரையுங்கள், குழி மட்டும் வெட்டுங்கள்

முதல் வேலைக்கு ஒரு நோட்டும் ஒரு குச்சியும் போதும். எங்கள் ஊரில் சித்திரை 10 வாக்கில் நண்பகல் பன்னிரண்டு பத்துக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஆனியில் சூரியன் வடக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே சின்னதாக விழும். மார்கழியில்தான் பெரிய மாற்றம். சூரியன் நன்றாகத் தெற்கே போய்விடும், பத்தடிச் சுவரின் நிழல் உச்சிவேளையிலேயே ஏழடி வடக்கே நீளும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். நமக்குக் காய்கறி அதிகம் காய்ப்பது புரட்டாசியிலிருந்து தை வரைக்கும். அந்த ஐந்து மாதமும் வெயில் தெற்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே நெட்டை மரங்களை வடக்கிலும் மேற்கிலும் வையுங்கள், காய்கறிப் பாத்தியைத் தெற்கில் வையுங்கள். மேற்கில் மரம் இருந்தால் கோடைச் சாய்வெயிலையும் அது வாங்கிக்கொள்ளும். நான் இது தெரியாமல் தென்கிழக்கு மூலையில் பலாக்கன்று வைத்தேன். நான்காம் வருஷம் கார்த்திகையில் அதன் வடக்கே இருந்த கத்தரிப் பாத்தி முழுக்க நிழலில் மாட்டிக்கொண்டது, செடி உயரமாகப் போனதே தவிரப் பூ நிற்கவில்லை. பலாவை வெட்ட மனம் வரவில்லை, பாத்தியைத்தான் மாற்றினேன்.

அப்புறம் தண்ணீர். மழை பெய்யும் ஒரு நாளில் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் அரை மணி நேரம் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக ஓடித் தெருவுக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது, இதையெல்லாம் அம்புக்குறி போட்டு வரையுங்கள். சித்திரையில் ஒரு கோடைமழை வந்தால் அதை விடாதீர்கள். ஒரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எண்ணூறு சதுர அடி மொட்டைமாடி என்றால் ஏறக்குறைய 74 சதுர மீட்டர், ஐந்து செ.மீ. மழைக்கு 3,700 லிட்டர். கொஞ்சம் வீணாகும் என்று வைத்தாலும் மூவாயிரம் லிட்டர் ஒரே இரவில் குழாய் வழியாக இறங்குகிறது. அதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மாசியில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

குழியும் இப்போதே வெட்டிவிடலாம். மாவுக்கும் பலாவுக்கும் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். கொய்யா, எலுமிச்சை, சீத்தா, நெல்லிக்கு இரண்டடி போதும். மேல்மண்ணை ஒரு பக்கம், சரளையை ஒரு பக்கம் தனித்தனியாகக் குவியுங்கள், திரும்ப நிரப்பும்போது மேல்மண்தான் உள்ளே போக வேண்டும். வெட்டிய குழி கோடை வெயிலில் காயட்டும், அதில் ஒன்றும் நட வேண்டாம். தண்ணீர் இறங்குகிறதா என்பதற்கும் இதே குழி சோதனை. ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் பப்பாளி வைக்கவே கூடாது.

வைகாசி, ஆனி: மண்ணுக்குச் சோறு

அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒன்றிரண்டு மழை விழுந்ததும், முதல் வருஷக்காரர்கள் செய்ய வேண்டிய ஒரே விதைப்பு பலதானியம். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியது இது. கம்பு, சோளம் போன்ற தானியம், உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு போன்ற பயறு, எள், ஆமணக்கு போன்ற எண்ணெய்வித்து, மல்லி, வெந்தயம், கடுகு போன்ற வாசனைச் சாமான், சணப்பை, தக்கைப்பூண்டு, கொளிஞ்சி போன்ற பசுந்தாள் என்று ஐந்து வகையிலும் கிடைப்பதைக் கலந்து விதைப்பது. ஏழு சென்ட்டுக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ போதும். மளிகைக் கடையில் உடைக்காத முழுப் பயறாக வாங்கினாலே முளைத்துவிடும். ஐம்பது, அறுபது நாளில் பூவெடுக்கும்போது அறுத்து அந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். வேரைப் பிடுங்காதீர்கள், அது மண்ணுக்குள்ளேயே மட்கட்டும்.

முதல் முறை நான் விதைத்தபோது சோளம் முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஆனால் அறுத்துப் போட்டபின் ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பார்த்தேன். செங்கல் தூள் மாதிரி கையில் ஒட்டாமல் உதிர்ந்துகொண்டிருந்த மண், கடுகு கடுகாகத் திரண்டு கொஞ்சம் ஈரமாக இருந்தது, தட்டைப்பயறு வேரில் ரவை ரவையாக முடிச்சு. ஒரு முடிச்சை நகத்தால் நசுக்கினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. நீங்களும் கட்டாயம் ஒன்றைப் பிடுங்கி நசுக்கிப் பாருங்கள்.

கூடவே வாழைக்குழி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் குளியலறைத் தண்ணீர், காய்ந்த ஓலை, சமையலறைக் கழிவு என்ற மூன்று தொல்லையையும் இந்த ஒரு குழி வாங்கிக்கொள்கிறது. ஆறடி அகலத்தில் வட்டமாக, நடுவில் இரண்டரை அடி ஆழம் வரும்படி வாணலி போல வெட்டுங்கள். எடுத்த மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போடுங்கள், தண்ணீர் உள்ளே வர ஒரு வாய் மட்டும் விட்டு. அடியில் விறகுத் துண்டு, தென்னை மட்டை, அதற்கு மேல் ஓலை, சருகு, காய்கறித் தோல் என்று கரைக்கு மேலே மேடாகும் வரை நிரப்புங்கள். இரண்டு மாதத்தில் அது பாதியாக அமுங்கும், மறுபடி நிரப்புங்கள். கரையில் நான்கு வாழை, இடையில் சேம்பு, வெளிச்சரிவில் சர்க்கரைவள்ளி. சோப்புத் தண்ணீர் வரும் குழி என்பதால் பச்சையாகச் சாப்பிடும் எதையும் இங்கே வைக்க வேண்டாம். தண்ணீர் எப்போதும் சருகுக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே தெரிந்தால் கொசு வந்துவிடும்.

வாழைக்கன்று வாங்கும்போது இலையைப் பாருங்கள். ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு அடி பருத்து இருப்பதுதான் நல்ல கன்று. சின்னதிலேயே அகல இலை விரித்து நிற்பது நீர்க்கன்று, பார்க்க அழகாக இருக்கும், தார் சிறுத்துப்போகும். எங்கள் மண்ணுக்குக் கற்பூரவல்லியும் மொந்தனும் நன்றாகத் தாங்குகின்றன.

மஞ்சள், சேனைக்கும் இதுதான் காலம். இரண்டும் அரைநிழலில் வரும், வேம்புக்கும் தென்னைக்கும் கீழே வைத்தவை எட்டு ஒன்பது மாதம் எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும். ஆனியில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கும். தினமும் காலையில் பொறுக்கித் தோலை நீக்கிக் கழுவி நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். மழைக்காலப் பூச்சிக்கு வேண்டிய மருந்து அதுதான்.

ஆடி, ஆவணி: விதை, காற்று, உயிர்வேலி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை, புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, வெண்டை எல்லாம் நேரடி விதைப்பு. கத்தரி, மிளகாய், தக்காளிக்கு நாற்றுவிட்டு ஆவணியில் நடலாம். முதல் வருஷம் பலதானியம் போட்ட இடம் ஆவணியில்தான் கைக்கு வரும், அதுவரை நாற்று தொட்டியில் இருக்கட்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று துவரை. மரக்கன்று வைக்கப்போகும் ஒவ்வொரு குழிக்கும் மேற்கே இரண்டடி தள்ளி மூன்று துவரை விதை ஊன்றுங்கள். புரட்டாசியில் மரக்கன்று வரும்போது துவரை இடுப்பு உயரம் நிற்கும், சாய்வெயிலை மறைக்கும், தழைச்சத்து கொடுக்கும், தையில் பச்சைத் துவரை பறித்துக் குழம்பு வைக்கலாம். மரத்துவரையாக இருந்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். அதற்குள் பிள்ளை மரம் தன் காலில் நின்றுவிடும். அகத்தியும் இதே வேலையைச் செய்யும். வேலியோரம் கிளைரிசிடியா மரத்தின் போத்தை, அதாவது வெட்டிய கிளைத் துண்டை, மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றிவிடுங்கள், அடுத்த வருஷத்திலிருந்து வருஷத்துக்கு மூன்று முறை தழையை வெட்டி மண்ணை மூடும் மூடாக்காகப் போடலாம். ஆடு மாடு வரும் தெரு என்றால் போத்துக்கு முள் கட்டுங்கள்.

ஆடிக்காற்றை விளையாட்டாக நினைக்கக் கூடாது. முருங்கை பட்டென்று ஒடியும், பப்பாளி வேரோடு சாயும், குலைதள்ளிய வாழை அப்படியே படுத்துவிடும். வாழைக்கு இரண்டு மூங்கிலைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்து முட்டுக் கொடுங்கள். முருங்கையை மூன்றடி உயரத்தில் கிள்ளிப் பக்கக் கிளை விடச் செய்யுங்கள், காயும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை ஆறேழு மாதத்தில் காய்த்துவிடும். நாட்டு மரமுருங்கை வேண்டுமென்றால் போத்துதான்.

கரைசல் பற்றி ஒரு வார்த்தை. இயற்கை விவசாயத்தைப் பரப்பும் சுபாஷ் பாலேக்கர் சொல்லும் ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலின் கணக்கு ஏக்கருக்கானது, அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்: இருபது லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ புதுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், இருநூறு கிராம் வெல்லம், இருநூறு கிராம் பயறு மாவு, வேலியோரம் ரசாயனம் படாத ஒரு பிடி மண். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கினால் இரண்டு மூன்று நாளில் தயார். ஒரு வாரத்துக்குள் ஈர மண்ணில் ஊற்றிவிடுங்கள். காய்ந்த, மூடாத மண்ணில் எத்தனை முறை ஊற்றினாலும் ஒன்றும் நடக்காது, முதலில் மூடாக்கு, அப்புறம்தான் கரைசல்.

புரட்டாசி: மரம் நடும் மாதம்

எங்கள் பக்கத்துக்குப் புரட்டாசி முதல் பாதியைவிட நல்ல நாள் மரக்கன்றுக்கு இல்லை. வெயில் தணிந்திருக்கும், மாலையில் இடிமழை வரும், ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேருக்கு மூன்று நான்கு வாரம் கிடைக்கும். நேரே ஐப்பசியில் நட்டால் குழிக்குள் தண்ணீர் நின்று வேர் அழுகும் கன்றுகளை நான் பார்த்திருக்கிறேன். குழியில் மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரம் இரண்டு சட்டி, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கை கலந்து நிரப்புங்கள், தரைமட்டத்துக்கு அரையடி மேடாக. மண் அமுங்கியபின் சமமாகிவிடும்.

ஒட்டுக்கன்று வாங்குபவர்கள் ஒட்டுக்கட்டிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், கொஞ்சம் புடைப்பாக, பட்டையின் நிறம் மாறி இருக்கும். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேல் அரையடியாவது தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், விட்டால் அடிக்கன்று வளர்ந்து ஒட்டை அமுக்கிவிடும். ஒட்டு என்று சொல்லி எனக்கு ஓரிடத்தில் கொடுத்த ஒரு மாங்கன்றில் அந்தப் புடைப்பே இல்லை. அப்போது பார்க்கத் தெரியவில்லை, ஐந்து வருஷமாகியும் இன்னும் பூக்கவில்லை.

பப்பாளியை மட்டும் மேட்டில் வையுங்கள். ஒன்றரை நாள் அடியில் தண்ணீர் நின்றால் போதும், தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். நாட்டுப் பப்பாளி என்றால் ஒரு மேட்டுக்கு மூன்று கன்று வைத்துப் பூ வந்தபின் ஆண் மரங்களில் ஒன்றிரண்டை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு வருஷம் வீட்டுக்குப் பழம் தருவது பப்பாளியும் வாழையும்தான். அவை இருந்தால்தான் மற்ற மரங்களுக்குப் பொறுமையாகக் காத்திருக்க மனம் வரும்.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணீரை விடவும் தெரிய வேண்டும்

வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டுகிறது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்க வாய்க்கால் வெட்டினால் அதற்கு ஒரு வடிகால் வாயும் வேண்டும், வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது எங்களுக்கு அருகே மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது செ.மீ. மழை. வடிகால் வாய் இருந்ததால் எங்கள் கொல்லையில் மறுநாள் மதியம் தண்ணீர் வடிந்துவிட்டது. முருங்கையின் மேல்கிளைகளைப் புயல் செய்தி வந்த அன்றே வெட்டியிருந்தேன், அது நின்றது. வெட்டாத சீத்தா பிளந்துவிட்டது.

மழையில் பாத்திக்குள் காலை வைக்காதீர்கள், மிதித்த செம்மண் காய்ந்தால் சிமெண்டு. நடக்க ஒன்றரையடிப் பாதையை முதலிலேயே ஒதுக்கிச் சருகு போட்டு வையுங்கள். காய்கறிச் செடி அடியில் மூடாக்கை மெல்லியதாக்குங்கள், இல்லையென்றால் நத்தை குடியேறும். ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஈரக் கோணிப்பையை விரித்து அதன்மேல் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் அவையே வந்து கூடும், பொறுக்குவது சுலபம். வெறுங்கையால் தொடாதீர்கள்.

முருங்கைக் கம்பளிப்பூச்சியும் இப்போதுதான். பகலில் அடிமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பளித் துண்டைச் சுற்றியதுபோல இருக்கும், ராத்திரியில் மேலேறி இலையைத் தின்னும். கூட்டமாக இருக்கும் பகல் நேரத்தில்தான் அதைப் பிடிக்க வேண்டும். வேப்பங்கொட்டை ஐம்பது கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி காதிசோப்புக் கரைத்து, மழை விட்ட மாலையில் தெளியுங்கள்.

மற்றப்படி பூச்சியைக் கண்டதும் பதறி மருந்து தெளிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுவேன். 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, பருத்தி எல்லாவற்றையும் அழித்தது. எத்தனையோ மருந்து அடித்தும் நிற்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட கடுகளவு குளவி ஒன்றுதான் அதை அடக்கியது. நம் கொல்லையிலும் அப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத காவலர்கள் உண்டு. நாம் செய்ய வேண்டியது அவற்றுக்குப் பூ இருக்கும்படி பார்த்துக்கொள்வது: துளசி, சாமந்தி, மல்லி, கடுகு, தும்பை ஏதோ ஒன்று எல்லா மாதமும் பூத்திருக்கட்டும்.

மார்கழி, தை: பறிப்பு

பனி இறங்கும். அவரையில் அசுவினி என்ற சாறுறிஞ்சும் சின்னப் பூச்சி, பூசணி இலையில் சாம்பல் நோய் வரும். அசுவினி உள்ள கொழுந்தை மட்டும் கிள்ளி வாழைக்குழியில் போடுங்கள், கொஞ்ச நாளில் பொறிவண்டு வந்துவிடும். சாம்பல் பூத்த இலையைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளிப்பது எனக்கு ஓரளவு பலன் தந்திருக்கிறது.

இந்த இரண்டு மாதமும் கொல்லை உச்சத்தில் இருக்கும். அவரை, மொச்சை, கத்தரி, துவரை, கீரை, பொங்கலுக்குச் சேனையும் மஞ்சள்கொத்தும். முதல் வருஷம் எங்களுக்கு வந்தது ஒரு கூடை அவரையும் இரண்டு பூசணியும்தான், அந்த அளவை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷத்தில் வாழை, முருங்கை. மூன்றாம் வருஷம் கொய்யா, எலுமிச்சை, சீத்தா. ஒட்டு மா முதல் மூன்று வருஷம் தையில் பூத்தால் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். மனம் கஷ்டப்படும், ஆனால் காய்க்க விட்டால் மரம் கட்டாது. நான்காம் வருஷத்துக்குப் பிறகு நிழல் கூடிக்கொண்டே வரும், வெயில் கேட்கும் காய்கறி தெற்கு ஓரத்துக்கு ஒதுங்கும், உள்ளே மஞ்சள், சேனை, சேம்பு, கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, வெற்றிலை என்று ஆள் மாறும். காய்கறி குறைகிறதே என்று பயப்படாதீர்கள், தோட்டம் காடாக மாறுவது அப்படித்தான். கோரையும் அந்த நிழலில்தான் தானாக ஒழிந்தது. அட்டைப்பெட்டியை விரித்து மூடிப் பார்த்தேன், துளைத்துக்கொண்டு வந்தது. சர்க்கரைவள்ளியும் மர நிழலும் சேர்ந்து மூன்று வருஷத்தில் அதை முடித்தன.

மாசி, பங்குனி: சருகு தங்கம்

வேம்பும் மற்ற மரங்களும் இலையைக் கொட்டும் மாதம். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கூட்டிக் கொளுத்துவார்கள். நான் சாக்கோடு போய் நின்றுவிடுவேன், இப்போது அவர்களே மூட்டை கட்டி வாசலில் வைத்துவிடுகிறார்கள். போன பங்குனியில் நாற்பத்திரண்டு மூட்டை. ஒவ்வொரு மரத்தடியிலும் அரையடிக் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் பட்டையில் ஏறும். தென்னைக்குப் பக்கத்தில் நான்கடி தள்ளி வட்டமாகப் பள்ளம் வெட்டித் தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் மூடுங்கள், கோடை முழுக்க ஈரம் பிடித்து வைக்கும். வீட்டுப் பின்வாசலைச் சுற்றி ஆறடிக்கு மட்டும் சருகே வேண்டாம், அங்கே தரை தெரிய வேண்டும். பாம்பு இருக்கும் ஊரில் மூடாக்கைக் கையால் அள்ளும் முன் குச்சியால் தட்டுங்கள், பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள்.

முதல் கோடையைத் தாண்ட வேண்டிய கன்றுகளுக்குப் பானைப் பாசனம். ஐந்து லிட்டர் மண்பானை, மெருகு பூசாதது, கன்றிலிருந்து ஒன்றரையடி தள்ளிக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். எங்கள் மண்ணில் நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமாக இருக்கிறது. முதல் வருஷம் பதினொன்று இழந்த நான், பானை வைத்தபின் நட்ட பதினான்கில் ஒன்றைத்தான் இழந்தேன், அதுவும் ஆடு கடித்தது.

விதை எடுப்பதும் இப்போதுதான். முதலில் காய்த்த, நடுக்கொடியில் நின்ற நல்ல அவரை, புடலை, பூசணிக்கு நூல் கட்டி விட்டிருப்பீர்கள். முற்றிக் காய்ந்ததும் எடுத்து, நிழலில் உலர்த்தி, சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். சாம்பலுக்கு விறகடுப்பு இல்லாதவர்கள் காய்ந்த வேப்பிலையையும் நொச்சி இலையையும் போட்டு வைக்கலாம். பங்குனிக் கடைசியில் ஒரு உச்சிவெயில் நேரம் மரத்தடிச் சருகை விலக்கி உள்ளங்கையை மண்ணில் வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் அந்த இடத்தில் மூடாக்கு போதும், சுட்டால் இன்னொரு மூட்டை கொட்டுங்கள். அப்புறம் சித்திரை 10 வந்ததும் குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி கொல்லைக்குப் போங்கள், மரங்கள் வளர்ந்திருப்பதால் போன வருஷத்து நிழல்கோடு இப்போது பொருந்தாது, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி வரைந்துகொள்ளுங்கள்.